அடைப்புக்குறிக்குள் ஒரு வட்டம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கருணையில் பிறந்த கதைகளும் உண்டு என்று சொல்கிறார்கள், எனக்கு வாய்க்கவில்லை. இதில் இரண்டு பொறாமைகள். முதலாவது ரேணுகாவுடையது: தன் அக்காளுக்கு வந்த நோயைப் பார்த்து அவள் பொறாமைப்பட்டாள். (அச்சுப்பிழையோ என்று திரும்பப் படிக்க வேண்டாம். நோயைப் பார்த்துத்தான்.) இரண்டாவது என்னுடையது: கம்பவுண்டர் எட்மண்டைப் பார்த்து நாற்பது வருஷமாகப் பொறாமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். எட்மண்ட் எதைச் சொன்னாலும் ஊர் நம்பும். நான் சொன்னால் சிரிக்கும்.

சிரிப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கேத்தியில் ஒரு கேரட்டைப் பிடுங்க முடியாமல் எட்டுப் பேர் இழுத்தார்கள், கடைசியில் பார்த்தால் மறுமுனையை அடுத்த ஊர் லவ்டேலில் யாரோ கடித்துக்கொண்டிருந்தார்கள் என்று டீக்கடையில் சொன்னவன் நான். காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் ஒரு காட்டுமாடு வரிசையில் நின்று, மேஸ்திரி பனியில் கண் தெரியாமல் அதற்கும் பேர் போட்டு, மாதக் கடைசியில் அது சம்பளத்துக்கு வந்து நின்றது என்று சொன்னவனும் நான்தான். சொல்லும்போது சிரிக்க மாட்டேன். என் பெயர் சுவிசேஷமுத்து. அந்தப் பெயருக்குள் சுவிசேஷம் இருப்பது ஆண்டவர் செய்த கேலி.

ஆகவே வாசகரே, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் ஒரே ஒரு இடத்தில்தான் பொய் சொல்லியிருக்கிறேன். எந்த இடம் என்பது இப்போது நினைவில்லை.

2

முதல் தொடக்கம்: ‘பச்சைத்தேயிலை விலை அதலபாதாளத்தில் கிடந்த அந்த வருஷம், குன்னூர் மலைச்சரிவில் பனி மெல்ல மெல்ல...’

கைவிட்டேன். மலைக்கதை என்றால் பனியில்தான் தொடங்க வேண்டும் என்று யாரோ அரசாணை போட்டதுபோல் எல்லோரும் பனியில் தொடங்குகிறார்கள்.

இரண்டாம் தொடக்கம்: ‘மனித உடலின் ஒவ்வொரு உயிரணுவிலும் இருபத்து மூன்று ஜோடி...’

எழுதிய எனக்கே கொட்டாவி வந்தது.

மூன்றாம் தொடக்கம்: ‘உனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னபோது ரேணுகா அழுதாள்.’

இது இருக்கட்டும்.

(கைவிட்டதை அடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். நான் எழுதியதை அடிப்பதில்லை. அந்தப் பழக்கத்தால்தான் இவ்வளவும் வந்தது. ஆறாம் பகுதிவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.)

3

உனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னபோது ரேணுகா அழுதாள். அவள் அழுகையைப் புரிந்துகொள்ள, அவள் பொறாமையின் பட்டியலைப் பார்க்க வேண்டும். முப்பத்து நான்கு வயது ரேணுகா. அவள் அக்காள் சரிதாவுக்கு முப்பத்தேழு. அம்மா வேலாயி, அப்பா தங்கவேலு இருவரும் இப்போது இல்லை. எண்பத்து மூன்றில் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு குன்னூர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்த குடும்பம்.

வேலாயிக்கு இடது கைப்பழக்கம். கொழுந்து கிள்ளும்போது இடது கைதான் முன்னால் பாயும். சரிதாவுக்கும் அப்படியே. வேலாயி சிரித்தால் வலது கண் மூடிக்கொள்ளும். சரிதாவுக்கும். வேலாயி செத்த அன்றுகூட, சரிதா அழுததைப் பார்த்த கிழவிகள், ‘ஐயோ, அவளே எந்திரிச்சு வந்து அழுவுறா மாதிரி இருக்கே’ என்றார்கள். பக்கத்தில் அதே அளவு கண்ணீரோடு உட்கார்ந்திருந்த ரேணுகாவைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருத்தி மட்டும், ‘தண்ணி கொண்டா புள்ள’ என்றாள்.

எஸ்டேட்டில் அம்மாவின் பேர் மகளுக்குப் போகும். நிரந்தரத் தொழிலாளி செத்தாலோ ஓய்வு பெற்றாலோ, பிள்ளைகளில் ஒருவரை அந்த இடத்தில் பதிந்துகொள்வார்கள். வேலாயியின் பேர் சரிதாவுக்குப் போனது. ரேணுகா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள்.

‘மூத்தவளுக்குப் போறதுதான முறை’ என்றார் தங்கவேலு.

‘முறைதான்’ என்றாள் ரேணுகா. அந்த ‘தான்’ அவள் பல்லுக்கிடையில் பதினொரு வருஷம் சிக்கியிருந்தது.

இதற்குள் தேயிலை படுத்துவிட்டது. ஃபாக்டரிச் சிம்னி வாரத்தில் இரண்டு நாள் புகைந்தால் அதிகம். ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டைப் பறிக்காமலே விட்டார்கள். இடுப்புயரத்தில் இருந்த செடி தலைக்குமேல் மரமாகி, தேயிலை பூக்கும் என்பதையே மறந்திருந்த எங்களுக்கு வெள்ளைவெள்ளையாகப் பூத்துக் காட்டியது. பேர் உள்ளவர்களுக்கு வாரம் மூன்று நாள் வேலை, மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. அந்த நேரத்தில்தான் சரிதாவின் இடது மார்பில் கட்டி வந்தது. அம்மாவுக்கு வந்த அதே பக்கம். ரேணுகா திருப்பூரை விட்டுவிட்டு வந்து அக்காளைப் பார்த்துக்கொண்டாள்.

தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் எல்லோரும் ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கி வந்து சரிதாவின் கட்டிலைச் சுற்றி நின்று ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: ‘அம்மாவோடது அப்படியே வந்துருச்சே.’

ரேணுகா ஆப்பிளை நறுக்கிக்கொண்டிருந்தாள். ‘அப்படியே’ என்ற இடத்தில் கத்தி விரலில் பட்டது.

4

இப்போது ஜோவிதா வர வேண்டும். ஜோவிதா என்கிற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மரபணு ஆலோசகர் வேலை, குன்னூர்க்காரப் பெண், பொறுமை, நல்ல சிரிப்பு, மேசையில் டிஷ்யூ பெட்டி. இவ்வளவு நல்லவள் கதையில் வந்தால் வாசகர் கோபித்துக்கொள்வார். ஆகையால் அவளுக்கு ஒரு குறை வைத்தேன்: பென்சிலின் பின்பக்கத்தைக் கடிப்பாள்.

அறுவைச் சிகிச்சை முடிந்து ஊசிமருந்து தொடங்கிய மாதத்தில், அவள் இரண்டு சகோதரிகளையும் எதிரே உட்காரவைத்துப் படம் போட்டாள்.

‘பொம்பளைங்க வட்டம், ஆம்பளைங்க கட்டமுங்க. இறந்தவங்களுக்குக் குறுக்கால ஒரு கோடு. நோய் வந்தவங்களுக்கு உள்ள கறுப்பு.’

வேலாயி ஒரு கறுப்பு வட்டம், குறுக்கே கோடு. தங்கவேலு ஒரு கட்டம், குறுக்கே கோடு. கீழே சரிதா, கறுப்பு வட்டம். அதற்குப் பக்கத்தில் ரேணுகா, வெறும் வட்டம். படத்தில்கூட அம்மாவும் அக்காவும் ஒரே நிறத்தில் இருந்ததை ரேணுகா கவனித்தாள்.

‘ஏனுங்க, ரெண்டு பேரும் ஒரே அம்மா வயித்துல பொறந்தவங்கதானுங்களே? எல்லார்கிட்டயும் கேக்கறதுதானுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க.’

‘இவ மூக்கப் பாத்தா எனக்கே சந்தேகமா இருக்குங்க’ என்று சரிதா சிரித்தாள். வலது கண் மூடிக்கொண்டது.

ரேணுகா சிரிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு வட்டத்துக்கு மட்டும் இரண்டு பக்கமும் காவல் வைத்ததுபோல் அடைப்புக்குறி இருந்தது. இப்படி: [○]

‘அது என்னங்க, அந்த வட்டத்த மட்டும் அடைச்சு வெச்சிருக்கு?’

‘அதுங்களா? தத்து எடுத்த பிள்ளைங்க. ஊட்டுல இருப்பாங்க. ஆனா ரத்தக் கணக்குல சேத்தக் கூடாதுங்க.’

‘சேத்துனா?’

‘கணக்கு தப்பாப் போயிருமுங்க.’

இந்த இடத்தில் அறிவியல் சொல்லியாக வேண்டும். ஜோவிதா அழகாகச் சொன்னாள். ஆனால் எனக்கு ஃபாக்டரி மூலமாகத்தான் புரிந்தது. எங்கள் ஃபாக்டரியில் இரண்டு ஃபிட்டர்கள் இருந்தார்கள். தினமும் எங்காவது பெல்ட் அறும், பேரிங் தேயும். இருவரில் யாராவது ஒருவர் ஓடிப்போய்ச் சரிசெய்வார். நம் உடம்பின் உயிரணுக்களுக்குள்ளும் மரபணு இழை தினமும் அறுகிறதாம். அதைத் தைத்துச் சரிசெய்யும் வேலையைச் சில மரபணுக்கள் பார்க்கின்றன. பி.ஆர்.சி.ஏ. ஒன்று என்பது அவற்றில் ஒன்று. அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி. இரண்டு ஃபிட்டர்கள். சிலருக்குப் பிறக்கும்போதே ஒரு ஃபிட்டர் கையில் ஸ்பேனர் இல்லாமல் வந்து சேருகிறான். மற்றவன் ஒருவனாகச் சமாளிப்பான். அவனும் ஏதாவது ஒரு உயிரணுவில் படுத்துவிட்டால் அறுந்தது அறுந்தபடி கிடக்கும்; கிடந்து குவிந்தால் புற்று வரலாம். அப்படிப் பழுதுள்ள பிரதியோடு பிறந்த பெண்கள் நூறு பேரில் அறுபது எழுபது பேருக்கு, எண்பது வயதுக்குள் மார்பில் வருகிறது. சினைப்பையிலும் வரலாம்.

தேயிலை விலை விழுந்ததும் கம்பெனி ஒரு ஃபிட்டரை வீட்டுக்கு அனுப்பியது. மற்றவனுக்குக் காய்ச்சல் வந்த வாரம் ரோலர் மிஷின் எரிந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன்.*

பழுதான அந்தப் பிரதி சரிதாவிடம் இருந்தது. அம்மாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்றாள் ஜோவிதா. அம்மாவிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. காசைச் சுண்டிப் போடுவதுபோல.

‘எனக்கும் பாத்துருங்க’ என்று ரேணுகா கையை நீட்டினாள். ரத்தம் எடுத்த பெண்ணுக்கு ஆச்சரியம். இப்படி ஆசையோடு நீளும் கையை அவள் பார்த்ததில்லை.

* பார்த்தேன் என்பது கொஞ்சம் கூடுதல். புகையைப் பார்த்தேன்.

5

‘உங்க அக்காகிட்ட இருக்கற அந்த மாற்றம் உங்ககிட்ட இல்லீங்க’ என்றாள் ஜோவிதா.

‘அம்மாகிட்டருந்து எனக்கு வரலீங்களா?’

‘வரலீங்க. ஊருல மத்த பொம்பளைங்களுக்கு இருக்கற அளவு ஆபத்துதான் உங்களுக்கும். வருசா வருசம் பரிசோதனை பண்ணிக்கோணும், அவ்வளவுதான்.’

ரேணுகா அழுதாள். ஜோவிதா டிஷ்யூ பெட்டியைத் தள்ளினாள். ‘சந்தோசத்துல எல்லாரும் இப்படித்தானுங்க அழுவாங்க.’

‘அப்ப நா அவங்க மக இல்லீங்களா?’

ஜோவிதா பென்சிலை வாயிலிருந்து எடுத்தாள். ‘ஐயோ, அப்படி அர்த்தமே இல்லீங்க. சொந்த மகளுக்கும் பாதிப் பேருக்கு வராது. நீங்க யாரு மகன்னு இந்த டெஸ்ட் சொல்லாதுங்க. அதுக்கு வேற டெஸ்ட் இருக்குது. அக்காவும் சம்மதிச்சு ரத்தம் குடுக்கோணும்.’

லயத்துக்கு வந்தபோது சரிதா தலையில் துணி கட்டிக்கொண்டு கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

‘ஒன்னும் இல்லயாம்’ என்றாள் ரேணுகா.

‘முருகா’ என்று சரிதா கண்ணை மூடினாள். திறந்தாள். ‘அப்பறம் மூஞ்சிய ஏண்டி இப்படி வெச்சிருக்க?’

‘ஒனக்கு மட்டும் குடுத்துட்டுப் போயிருக்கா.’

‘எத?’

‘எல்லாத்தயும். கையக் குடுத்தா, சிரிப்பக் குடுத்தா, பேர ஒனக்குப் போட்டா. இதயும் ஒனக்கே குடுத்துட்டா.’

சரிதா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தலைத்துணியை அவிழ்த்து ரேணுகாவின் மடியில் எறிந்தாள்.

‘இந்தா, எடுத்துக்க. இந்த மொட்ட மண்டயயும் எடுத்துக்க. அறுத்துப் போட்டாங்களே, அதயும் கோயம்புத்தூரு குப்பையில தேடி எடுத்துக்க. பத்து நாளா வாயெல்லாம் புண்ணு, தண்ணி எறங்கல, அதயும் மூட்ட கட்டி எடுத்துட்டுப் போ. எனக்குத்தாண்டி ஒன்னப் பாத்தாப் பொறாமையா இருக்கு. ஒனக்கு வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். வரலேன்னு நீ சொன்ன மறு நிமிசம், எனக்கு மட்டும் ஏண்டான்னு வயிறு எரியுது. நீ என்னடான்னா வரலேன்னு அழுதுட்டு வந்து நிக்கிற.’

ரேணுகா அந்தத் துணியை மடியிலேயே வைத்து நாலாக மடித்தாள்.

‘இன்னொரு டெஸ்ட் இருக்காம். நீயும் ரத்தம் குடுக்கணும்.’

‘மாட்டேன்.’

‘ஏன்?’

‘குத்துறதுக்கு என் கையில நரம்பு மிச்சமில்ல.’

‘அக்கா.’

‘நாளைக்கு நீ யாரோன்னு எழுதி வந்துருச்சுன்னா என் மூத்திரச் சட்டிய எவ எடுப்பா? போடி. கஞ்சி ஆறுது, அதச் சூடு பண்ணு.’

ரேணுகா சூடு பண்ணினாள்.

(இந்த உரையாடலை நான் கேட்கவில்லை. லயத்துச் சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டு மாரியாயி கேட்டாள். மாரியாயி சொல்வதில் பாதியை நம்பலாம். எந்தப் பாதி என்பதில்தான் எழுத்தாளனுக்கு வேலை இருக்கிறது.)

6

இனி என் குற்றம்.

எண்பத்து மூன்றில் நான் சிலோனில், பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் சின்னக் கிளார்க். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்பதால், இந்தியாவுக்குப் போகிற குடும்பங்களின் காகிதங்களை எல்லாம் நான்தான் எழுதிக்கொடுத்தேன். குடும்பத் தலைவர், மனைவி, மகன், மகள், வயது. விண்ணப்பம் போட்டு அனுமதி வர வருஷக்கணக்காகும். அதற்குள் சில பிள்ளைகள் செத்துப்போவார்கள். கப்பலுக்கு முன் கடைசிப் பட்டியலில் செத்தவர் பெயரை அடிக்க வேண்டும். அது என் வேலை.

மூன்று குடும்பங்களில் நான் அடிக்கவில்லை.

அந்த வருஷம் ஆடி மாதக் கலவரத்தில் நடந்ததை இங்கே விவரிக்கப்போவதில்லை. லயங்கள் எரிந்தன என்பது போதும். போக அனுமதி இல்லாமல் அங்கேயே தங்க நேர்ந்தவர்களில் சிலர், போகிறவர்கள் கையில் தங்கள் கைக்குழந்தையைக் கொடுத்தார்கள். ‘நீங்க கொண்டு போயி வளத்துக்கங்க, இங்க இருந்தாச் செத்துரும்’ என்றார்கள். காகிதத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது, வயதும் ஏறக்குறையச் சரி. செத்த பிள்ளையின் பெயருக்குள் உயிருள்ள பிள்ளை ஏறி உட்கார்ந்து கப்பலுக்குப் போனது. நான் செய்ததெல்லாம் பேனாவை எடுக்காமல் இருந்ததுதான். என் முதல் புனைகதைகள் அவை. நான் எழுதியதிலேயே நன்றாக வந்தவையும் அவைதான்; இன்றுவரை மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன.

வேலாயி, தங்கவேலுவின் காகிதத்தையும் நான்தான் எழுதினேன். ‘மகள், சரிதா, நான்கு. மகள், ரேணுகா, ஒன்று.’ அந்த மூன்றில் இதுவும் ஒன்றா? ஞாபகம் இல்லை. இருநூறு காகிதங்கள், எல்லாம் ஒரே மை.

பிறகு இங்கே வந்து டீக்கடையில் இதைக் கதையாகச் சொன்னேன். ஊர் நம்பாது என்ற தைரியத்தில் சொன்னேன். கூடவே, ஒரு வெள்ளாட்டை மருமகள் என்று எழுதி, அதுவும் கப்பலேறி, மண்டபம் முகாமில் மூன்று மாதம் ரேஷன் வாங்கியது என்றும் சேர்த்துக்கொண்டேன். எல்லோரும் ஆட்டுக்குச் சிரித்தார்கள். பன் வாங்க வந்த சின்னப் பெண் ரேணுகாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருபத்தைந்து வருஷம் கழித்து, கோயம்புத்தூரில் ஒரு மேசைமுன்னால், அந்த அடைப்புக்குறியைப் பார்த்தபோது நின்றுபோனது.

7

அவள் முதலில் என்னிடம் வரவில்லை. எட்மண்டிடம் போனாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் போவார்கள்.

எட்மண்ட் அந்தச் சிலோன் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். என்னோடுதான் இங்கே வந்தார். எண்பத்தொரு வயதில் இஸ்திரி போட்ட சட்டை. கோயிலில் எனக்கு முன் பெஞ்சில் உட்காருவார். அவருடைய பிடரியைப் பார்த்துப் பார்த்தே என் ஜெபங்களில் பாதி கெட்டுப்போனது. இந்த ஆள் வாழ்நாளில் ஒரு பொய் சொன்னதில்லை. வயலட் என்கிற தன் மனைவி சமைத்த மீன்குழம்பு நன்றாக இல்லை என்று அவளிடமே சொல்லி, ஆறு மாதம் பழைய சோறு தின்றவர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும், தான் வேலாயி பெற்ற பிள்ளைதானா என்று ரேணுகா கேட்டாள்.

‘நாந்தாம்மா ஒன்னய இந்தக் கையில வாங்குனேன்’ என்றார் எட்மண்ட். ‘மத்தியானம். நல்ல மழ. வேலாயிதான் பெத்தா. நீ அவ மகதான், போ.’

தீர்ந்தது. சாயங்காலத்துக்குள் லயம் முழுக்க உண்மையாகிவிட்டது. மாரியாயி சர்க்கரை போட்டு டீ கொடுத்தாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. எத்தனை கேரட்டுகள், எத்தனை காட்டுமாடுகள்! எழுபத்தொன்பது வயதுவரை உழைத்தும் ஒரு ஆளை நம்பவைக்க முடியவில்லை. இவர் நாலு வாக்கியம் சொன்னார். பிறப்புச் சான்றிதழ் ஆகிவிட்டது.

மறுநாள் ரேணுகா என் வீட்டு வாசலில் நின்றாள்.

‘எட்மண்ட் மாமா பொய் சொல்றாரு, முத்து மாமா.’

‘எட்மண்டா?’ எனக்குச் சிரிப்பும் கிறிஸ்மஸும் ஒன்றாக வந்ததுபோல் இருந்தது.

‘காது செவந்துருச்சு. ரெண்டு காதும். மழன்னு சொன்னப்ப செவந்துச்சு. பெத்தான்னு சொன்னப்ப இன்னும் செவந்துச்சு.’

(நியாயமாக எழுத வேண்டும். பொம்பளைப் பிள்ளையிடம் பிரசவத்தைப் பற்றிப் பேசினால் எட்மண்டுக்கு எப்போதும் காது சிவக்கும். ஊட்டிக் காற்றுக்கும் சிவக்கும். என் காது ஒருநாளும் சிவந்ததில்லை.)

8

அவள் மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை என் மேசையில் விரித்தாள். ஜோவிதா போட்ட படத்தின் நகல். இரண்டு கறுப்பு வட்டங்கள், ஒரு கட்டம், ஒரு வெறும் வட்டம். மேலே ஒரு பென்சிலையும் வைத்தாள். பின்பக்கம் கடித்திருந்தது.

‘போடுறதுன்னா என் வட்டத்த அடைக்கிற அந்த ரெண்டு கோட்டயும் போடுங்க. வேண்டாம்னா விட்டுருங்க. நீங்கதான எழுதுனீங்க.’

‘அந்தக் காலத்துல ஒரு வெள்ளாட்ட...’

‘மாமா.’

நிறுத்திக்கொண்டேன்.

‘நா என்ன போட்டாலும் நம்பிருவியா புள்ள? என்னயா?’

‘நம்புவேன்.’

‘ஏன்?’

‘எட்மண்ட் மாமா என் நல்லதுக்காகப் பொய் சொன்னாரு. நீங்க யாரு நல்லதுக்கும் பொய் சொன்னதில்ல. சும்மாத்தான் சொல்லுவீங்க. அதனால ஒங்கள நம்பலாம்.’

நாற்பது வருஷமாக எட்மண்டின் பிடரியைப் பார்த்து நான் எதற்கு ஏங்கினேனோ அது வந்து என் மேசைமுன் நின்றது. கறுத்த முகம், திருப்பூர் தையல்மிஷினில் தேய்ந்த விரல், கண்ணிமைக்காமல் என்னையே பார்க்கும் பார்வை. நான் என்ன சொன்னாலும் அது இனி உண்மை.

பென்சிலை எடுத்தேன். கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தேன். வயதுதான் காரணம் என்று எழுதலாம்.

அப்போதுதான் நான் பொய் சொன்ன இடம் நினைவுக்கு வந்தது, வாசகரே. ஆறாம் பகுதியில், ‘ஞாபகம் இல்லை’ என்று எழுதினேனே, அது.

9

முடிவுகள்.

அ) நான் அடைப்புக்குறி போடுகிறேன். ரேணுகா பார்க்கிறாள், காகிதத்தை மடிக்கிறாள். அன்றோடு அவள் பொறாமை போகிறது. அந்நியப் பெண்ணின் இடது கையைப் பார்த்து, சிரிப்பைப் பார்த்து, நோயைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? ஆனால் பொறாமை தனியாகப் போகாது. போகும்போது வீட்டிலிருந்து வேறு என்னென்ன சாமான்களைத் தூக்கிக்கொண்டு போகும் என்று எனக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் அக்காளுக்குத் துணி துவைக்கிறாள். நன்றாகத்தான் துவைக்கிறாள், நர்ஸ் துவைப்பதுபோல. இந்த முடிவை மேலே எழுத...

ஆ) நான் போடவில்லை. ரேணுகா வேலாயியின் மகள். சாகும்வரை அக்காளைப் பார்த்து வயிறெரிந்துகொண்டே அவள் சட்டியை எடுக்கிறாள். சந்தோஷமாக இருக்கிறாள் என்று சொல்ல முடியாது. சொந்தமாக இருக்கிறாள்.

இ) சரிதா தட்டுத்தடுமாறி வந்து பென்சிலைப் பிடுங்கி, தன் கறுப்பு வட்டத்தையும் தங்கையின் வெறும் வட்டத்தையும் சேர்த்து ஒரே அடைப்புக்குறிக்குள் போடுகிறாள். [● ○]. ‘இப்ப கணக்குப் போடச் சொல்லு அந்த டாக்டரம்மாவ’ என்கிறாள். மிக அழகான முடிவு. யோசித்ததும் என்மேலேயே எனக்குப் பொறாமை வந்தது. ஆனால் சரிதா அன்று வாளியைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பென்சில் பிடிக்கிற நிலையில் இல்லை.

10

நடந்தது இது.

பென்சில் முனை காகிதத்தைத் தொட இருந்தது. தொட்டிருக்கும். கீழே லயத்திலிருந்து மாரியாயி கத்தினாள்: ‘ஏய் ரேணுகா! ஒங்கக்கா கூப்புடுறா!’

ரேணுகா ஓடினாள். நான் போடுகிறேனா இல்லையா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செருப்பு ஒன்று என் வாசலில் கழன்று கிடந்தது, அதற்கும் நிற்கவில்லை. பறிக்காமல் மரமாகிவிட்ட தேயிலைக்கு நடுவில் இருந்த குறுக்குப் பாதையில் அவள் தலை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. ‘வந்து எடுத்துக்கறேன் மாமா’ என்ற சத்தம் மட்டும் வந்தது.

இன்னும் வரவில்லை. சரிதாவுக்குக் காய்ச்சல் ஏறி, மறுபடி கோயம்புத்தூர் கொண்டுபோய், திரும்பிவந்து, இப்போது தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருக்கிறது என்று மாரியாயி சொன்னாள். நரைத்து முளைக்கிறதாம், அம்மாவுக்கு மாதிரியே. ரேணுகாவுக்கு அதுவும் வயிறெரியும்.

ஆனால் வருவாள். செருப்பு இங்கேதான் இருக்கிறது. வந்து காகிதத்தைக் கேட்டால் நான் கொடுத்தாக வேண்டும். எனக்குத் தெரிந்ததைச் சொன்னால் அவள் நம்பிவிடுவாள். தெரியாததைச் சொன்னாலும் நம்பிவிடுவாள். நம்பப்படுவது இவ்வளவு கனமாக இருக்கும் என்று எட்மண்ட் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த ஆளுக்கு இதை எப்படித் தூக்குவது என்று தெரிந்திருக்கிறது. அதற்கும் பொறாமையாக இருக்கிறது.

எழுதியதை நான் அடிப்பதில்லை, உங்களுக்குத் தெரியும். போட்டுவிட்டால் போட்டதுதான். ஆகையால் கீழே அவள் வட்டத்துக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு வைத்திருக்கிறேன். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். கடித்த பக்கம் உங்களைப் பார்த்து இருக்கிறது. சீக்கிரம், வாசலில் ஒற்றைச் செருப்புச் சத்தம் கேட்கிறது. நீங்கள் போட்டால் அவள் நம்புவாள். உங்கள் காது எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியாது.

            ○